புகைக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி

(தோட்டத்துத் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் பெரட்டுக்குப் போய், மலை ஏறி இறங்கி, அந்திக் கொழுந்து நிறுத்து, பிள்ளை மடுவத்திலிருந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் நீட்டிப் பேசமாட்டேன். அந்த அடுப்பைப் பற்றியே பேசுகிறேன். அதிலிருந்து வருகிற புகை எந்த வழியாகப் போக வேண்டும், வீட்டுக்குள் சூடு எந்த வழியாக வர வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

"அடுப்பு என்றால் புகை வரத்தானே செய்யும்? நம்ம அம்மாயி, அப்பாயி எல்லாரும் இந்தப் புகையிலதானே சமைச்சாங்க" என்று நீங்கள் கேட்கலாம். சமைத்தார்கள், உண்மைதான். அவர்கள் ராத்திரி முழுக்க இருமியதையும் நாம் கேட்டிருக்கிறோம். கண்ணில் தண்ணீர் வடிய வடிய ரொட்டி சுட்டதையும் பார்த்திருக்கிறோம். அதை வயதுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டோம்.

2022ஆம் ஆண்டு நாட்டில் நெருக்கடி வந்து எரிவாயு கிடைக்காமல் போனபோது, காஸ் அடுப்பு வாங்கி வைத்திருந்தவர்களும் மறுபடி விறகுக்கு வந்தார்கள். ஆகவே விறகு அடுப்பு நம்மை விட்டுச் சீக்கிரம் போகப்போவதில்லை. போகாத விருந்தாளியை ஒழுங்காக உட்கார வைப்பதுதான் புத்தி.

ஸ்டோர் அடுப்பு சொல்லித் தரும் பாடம்

நான் ஸ்டோரில் அடுப்பு எரித்தவன். அங்கே பார்த்ததை முதலில் சொல்கிறேன். உங்களில் பலர் கொழுந்து இறக்கும்போது அந்தப் பெரிய அடுப்பை வெளியே நின்று பார்த்திருப்பீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியாது.

அந்த அடுப்பில் கட்டை கட்டையாக விறகு எரிகிறது. அந்த நெருப்பும் புகையும் இரும்புக் குழாய்களைச் சூடாக்கிவிட்டு, நேரே உயரமான புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடுகின்றன. வெளியிலிருந்து வருகிற சுத்தமான காற்று அந்தச் சூடான குழாய்களின் மறுபக்கத்தில் படுகிறது. சூடேறிய அந்தக் காற்றைத்தான் பெரிய விசிறி இழுத்து, அகலமான தகரக் குழாய் வழியாகத் தேயிலை காயவைக்கிற மெஷினுக்கு அனுப்புகிறது. மழைக்காலத்தில் மேல்மாடியில் கொழுந்து வாட்டுவதற்கும் இப்படிச் சூடாக்கிய காற்றைத்தான் அனுப்புகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. புகைக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் போகும், ஆனால் சந்திக்காது. குழாயில் எங்காவது ஒரு சின்ன ஓட்டை விழுந்து புகை காற்றோடு கலந்துவிட்டால் என்ன ஆகும்? தேயிலையில் புகை வாடை ஏறிவிடும். டீ மேக்கர் ஒரு மிடறு வாயில் ஊற்றியதுமே கண்டுபிடித்துவிடுவார். அந்தத் தூளுக்கு விலை போகாது. அதனால் அந்தக் குழாயைச் சோதிப்பார்கள், ஒட்டுவார்கள், தேய்ந்தால் மாற்றுவார்கள்.

தேயிலைக்கும் முந்தி இந்த வசதி இருக்கவில்லை. 1867ல் லூல்கந்துரை தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட காலத்தில், பங்களா விறாந்தையில் கையால் கொழுந்தை உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்புக்கு மேலே கம்பித் தட்டில் பரப்பித்தான் காயவைத்தார்கள். பிறகு 1870களில் இந்தியாவின் கச்சார் பகுதியில் தோட்டம் நடத்திய சாமுவேல் டேவிட்சன் என்பவர், நெருப்பு ஒரு பக்கம், சூட்டுக் காற்று ஒரு பக்கம் என்று பிரித்து ஒரு மெஷின் செய்தார். அதற்கு "சிரோக்கோ" என்று பேர் வைத்தார். பாலைவனத்திலிருந்து அடிக்கிற சூட்டுக் காற்றின் பேர் அது. இலங்கைத் தோட்டங்களுக்கும் அந்த மெஷின் வந்து சேர்ந்தது.

யோசித்துப் பாருங்கள். தேயிலை புகையிலிருந்து தப்பி ஏறக்குறைய 150 வருஷம் ஆகிறது. அதைப் பறிக்கிற நம்ம வீட்டுப் பெண்களும், அவர்கள் மடியில் கிடக்கிற பிள்ளைகளும் இன்னும் தப்பவில்லை. தேயிலைக்குக் கொடுக்கிற கவனத்தை நம்ம பிள்ளையின் நெஞ்சுக்கும் கொடுக்க வேண்டும். இதைத்தான் நான் சொல்ல வந்தேன். மிச்சமெல்லாம் அதை எப்படிச் செய்வது என்கிற விபரம்.

காம்பிராவுக்குள் என்ன நடக்கிறது?

நம்ம லயக் காம்பிரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. இரண்டு பக்கமும் முதுகோடு முதுகு ஒட்டிய லயம் என்றால் பின்பக்கம் ஜன்னலே கிடையாது. குளிர் என்று கதவையும் சாத்திவிடுகிறோம். நெருப்பு எரியும்போது புகை கூரைக்குப் போய் முட்டி, அங்கே நிறைந்து, மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே இடைவெளி இருக்கும். அப்படியென்றால் நம்ம புகை நம்ம வீட்டோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்று 10 நாளான தாய் படுத்திருந்தாலும் அங்கேயும் போகும்.

வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். இந்தப் புகையில் இருக்கிற பிள்ளைகளுக்கு நெஞ்சுச் சளிக் காய்ச்சல், டொக்டர்மார் நிமோனியா என்கிறார்களே, அது வருகிற ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றும் அதே நிறுவனம் சொல்கிறது.

நம்மைப் போலவே மலையில் வாழ்கிற ஏழைச் சனங்கள் குவாத்தமாலா என்ற நாட்டில் இருக்கிறார்கள். அங்கே 2002 முதல் 2004 வரை 534 குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு முதலிலேயே கட்டிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் திறந்த நெருப்பில் சமைத்தார்கள், அவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். புகைபோக்கி வைத்த வீட்டுக் கைக்குழந்தைகளுக்குப் படுகிற புகை சுமார் பாதியாகக் குறைந்தது. கடுமையான நிமோனியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் சாதாரண நிமோனியாவைச் சேர்த்து மொத்தமாகப் பார்த்தபோது, குறைந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? புகைபோக்கி கடுமையான நோயைக் குறைக்க உதவும். ஆனால் அரைகுறையாகப் புகையை வெளியேற்றினால் பலனும் அரைகுறைதான். ஆகவே வைக்கிறதை ஒழுங்காக வைக்க வேண்டும்.

நான் கட்டிய முதல் புகைபோக்கி

ஒழுங்காக வைக்காததற்கு நானே சாட்சி. நான் முதன்முதலில் எங்கள் வீட்டில் வைத்த புகைபோக்கி ஒரு வாரம்கூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. அடுப்புக்கு மேலே 3 அடி அகலத்தில் பெரிய தகரக் கூடாரம் மாட்டினேன். அதற்கு 4 அங்குலக் குழாய் வைத்தேன். கூரையை வெட்டப் பயந்து, குழாயை ஒரு தரம் வளைத்துச் சுவருக்குக் கொண்டுபோய், இன்னொரு தரம் வளைத்து, கூரை ஓரத்துக்குக் கீழேயே விட்டுவிட்டேன். அடுப்பு பற்றவைத்ததும் புகை கூடாரத்தில் நிறைந்து, முன்பக்கமாக வழிந்து வீட்டுக்காரி முகத்துக்கே வந்தது. ஆடிக் காற்றில் வெளியே போன கொஞ்சப் புகையும் திரும்பி உள்ளே வந்தது. "ஸ்டோருல அடுப்பு எரிக்கிற மனுசன் வீட்டுல இப்படியா?" என்று அவள் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

அதில் மூன்று பிழைகள். குழாய் ஒடுக்கம், வளைவு அதிகம், உயரம் போதாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அகலம்: முன்பக்கம் திறந்த கூடாரமானால், திறந்திருக்கிற வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது குழாயின் உள்வழி இருக்க வேண்டும். வாய் 3 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 864 சதுர அங்குலம். பத்தில் ஒன்று சுமார் 86. ஆக, 10 அங்குலச் சதுரமாக ஒரு வழி தேவை. நான் வைத்த 4 அங்குலக் குழாயின் உள்வழி பன்னிரண்டரைச் சதுர அங்குலம்தான். ஆற்றுத் தண்ணீரை ஊதுகுழலில் விடப் பார்த்திருக்கிறேன்!

மண்ணாலும் செங்கல்லாலும் கட்டி மூடிய அடுப்பு என்றால் கதை வேறு. விறகு வைக்கிற வாய் ஒன்றுதான் திறந்திருக்கும். பானைகள் அதனதன் குழியில் இடுக்கில்லாமல் உட்காரும். இதற்கு 4 அல்லது 5 அங்குலக் குழாய் போதும். சின்ன வீட்டுக்கு இதுதான் தோது. அனகி அடுப்பு வைத்திருப்பவர்கள் கேட்பீர்கள். அது விறகை மிச்சப்படுத்துகிற நல்ல அடுப்பு. ஆனால் அதற்குப் புகைக்குழாய் கிடையாது. அதை வைத்திருப்பவர்கள் மேலே பெரிய வழியுள்ள கூடாரம் கட்டிக்கொள்ள வேண்டும்.

உயரம்: சூடான காற்று இலேசானது, மேலே போகும். குழாய் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு இழுவை கூடும். அடுப்பிலிருந்து குழாயின் நுனிவரை 10 அடியாவது இருக்கட்டும், 12 அடி இருந்தால் இன்னும் நல்லது. கூரையைத் தாண்டுகிற இடத்திலிருந்து குறைந்தது 3 அடி மேலே போக வேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கிற கூரை முகட்டைவிடவும் 2 அடி உயர்ந்து நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால், மலையிலிருந்து இறங்குகிற காற்று முகட்டில் பட்டுச் சுருண்டு புகையைத் திரும்பக் குழாய்க்குள் அழுத்திவிடும்.

வளைவு: நேராகப் போகிற குழாய்தான் நல்ல குழாய். ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும், அங்கே கரியும் அடையும். வளைக்காமல் முடியாது என்றால் இரண்டுக்கு மேல் வேண்டாம். படுக்கையாகக் குழாயைக் கொண்டுபோகக் கூடாது. கொஞ்ச தூரம் போகத்தான் வேண்டும் என்றால், அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கி ஏற வேண்டும். ஆகவே முதலில் கூரையில் குழாய் போகக்கூடிய இடத்தைப் பாருங்கள். அதற்கு நேர் கீழே அடுப்பை வையுங்கள். நாம் எல்லோரும் அடுப்பை முதலில் வைத்துவிட்டுப் பிறகு குழாயை எங்கே விடுவது என்று தேடுகிறோம். திட்டம் என்பது அதைத் திருப்பிப் போடுவதுதான்.

என்ன சாமானில் செய்வது?

பிளாஸ்டிக் குழாய் கூடவே கூடாது. பழைய அஸ்பெஸ்டஸ் குழாய் கிடக்கிறது என்று எடுத்து வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கும். நாகம் பூசிய தகரக் குழாயை நெருப்புக்குப் பக்கத்தில் வைத்தால், பூச்சு சூட்டில் கெட்டு நச்சுப் புகை வரும். அதனால் அடுப்பிலிருந்து முதல் 2, 3 அடியைச் செங்கல்லாலும் மண்ணாலும் கட்டிவிட்டு, அதற்கு மேலே குழாயைத் தொடங்குங்கள். முடிந்தால் முழுவதும் செங்கல்லில் கட்டுவது எல்லாவற்றிலும் நல்லது.

குழாய்த் துண்டுகளைப் பொருத்தும்போது, மேல் துண்டின் அடிநுனி கீழ்த் துண்டுக்குள் இறங்க வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். விறகுப் புகையில் தார் போன்ற கறுப்பு நீர் உண்டு. அது குழாயின் உட்பக்கம் வழிந்து அடுப்புக்குள்ளேயே விழட்டும். மாற்றிப் பொருத்தினால் வெளியே வழிந்து சுவரெல்லாம் நாறும்.

இனி, நெருப்புப் பயம். ஒரு வீட்டில் பிடித்த தீ கூரை வழியாக ஓடி, ஒரு லயமே எரிந்து போன கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளையின் பாடசாலைப் புத்தகம் எல்லாம் ஒரு மணி நேரத்தில் சாம்பலாகும். ஒற்றைத் தகரக் குழாய்க்கும் மரத்துக்கும் இடையே 18 அங்குலம் இருக்க வேண்டும். கூரை மரச்சட்டம், தொங்கவிட்ட படங்கு, பிளாஸ்டிக் சீலை, உடுப்புக் கொடி, மின்சார வயர் எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு. அவ்வளவு இடம் கிடைக்காவிட்டால் செங்கல்லிலேயே வெளிச்சுவர் ஓரமாகக் கட்டிக்கொண்டு போங்கள். அப்போதும் மரம் அதில் தொடக் கூடாது. அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு காயவைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. குழாய் வைத்த பிறகு அதை விட்டுவிடுங்கள்.

கூரை தகரம் என்றால், குழாயைச் சுற்றித் தகரத்தால் ஒரு பாவாடை மாதிரிப் பொருத்தினால் மழைத் தண்ணீர் உள்ளே வராது. குழாயின் நுனியில் தொப்பி வையுங்கள். தொப்பிக்கும் குழாய்க்கும் இடையே குழாயின் அகலத்துக்குக் குறையாத இடைவெளி விடுங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் அதை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருஷத்துக்குப் பிறகுகூடப் புற்றுநோய் வரலாம். அப்படிப்பட்ட வீட்டில் பக்கச் சுவர் வழியாகப் புகைபோக்கியை வெளியே எடுத்து, வெளியில் உயரமாகக் கட்டுவதுதான் வழி.

படுக்கிற இடத்துக்குச் சூடு

ஒரு தங்கச்சி போன கூட்டத்தில் கேட்டது: "அண்ணே, மார்கழி தை மாசத்துல குளிர் தாங்க முடியல. ஸ்டோருல மாதிரி நம்ம வீட்டுலயும் குழாய் வச்சு, படுக்கிற காம்பிராவுக்குச் சூட்டைக் கொண்டு போக முடியாதா?" நல்ல கேள்வி. நுவரெலியாப் பக்கம் தை மாதத்தில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிகிறது. குளிர் சும்மா இல்லை.

பதில், முடியும். ஆனால் புகைக்குழாயைப் படுக்கிற இடத்துக்குள் ஓடவிட்டுச் சூடேற்றக் கூடாது. ஒரு மூட்டு விலகினால் தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. ஸ்டோர் பாடத்தை மறக்காதீர்கள். போக வேண்டியது சூட்டுக் காற்று, புகை அல்ல.

இரண்டு காம்பிரா வீட்டுக்கு நீளக் குழாயே தேவையில்லை. சமையல் இடத்துக்கும் படுக்கிற இடத்துக்கும் நடுவில் இருக்கிற சுவரில், மேலே கூரைப் பக்கமாக ஒரு திறப்பு, கீழே தரைப் பக்கமாக அதே அளவில் இன்னொரு திறப்பு. 8 அங்குலத்துக்கு 10 அங்குலம் போதும். மேல் திறப்பால் சூட்டுக் காற்று உள்ளே போகும். அங்கே இருக்கிற குளிர்காற்று கீழ்த் திறப்பால் அடுப்புப் பக்கம் திரும்பி வரும். மேலே மட்டும் வைத்தால் வேலை செய்யாது. ஒரு பக்கம் காற்று போக வேண்டுமானால் இன்னொரு பக்கம் திரும்பி வர வழி வேண்டும். செங்கல் புகைபோக்கியை அந்த நடுச்சுவரோடு ஒட்டிக் கட்டினால், அடுப்பு அணைந்த பிறகும் சுவர் நெடுநேரம் சூடாக இருக்கும். ஆனால் புகைபோக்கி நன்றாக இழுக்கிற வீட்டில்தான் இந்தத் திறப்புகளை வைக்கலாம். இல்லாவிட்டால் சூட்டோடு புகையும் சேர்ந்து போகும். சுவரை உடைக்குமுன் மேசன் பாஸிடம் கேளுங்கள். அடுத்த வீட்டுச் சுவரில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று. அடுப்பு எரியக் காற்று வேண்டும். குளிர் என்று எல்லா இடுக்கையும் சாக்கால் அடைத்துவிட்டால் புகைபோக்கி இழுக்காது. அடுப்புக்குக் கிட்ட, தரைமட்டத்தில், வெளிச்சுவரில் ஒரு செங்கல் எடுத்த அளவுக்குத் திறப்பு விடுங்கள்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். சட்டியில் தணல் அள்ளிக்கொண்டு போய்ப் படுக்கிற காம்பிராவில் வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. புகை இல்லையே என்று நினைக்கிறோம். தணலிலிருந்து காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. முதலில் தலைவலி, தலைசுற்று, வாந்தி, பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழும்பாமலே போகலாம். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், உடனே கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து வைத்தியசாலைக்குப் போங்கள். அதே காரணத்துக்காக, புகைக்குழாயில் அடைப்புத் தகடு வைத்திருப்பவர்கள் அடுப்பில் தணல் இருக்கும்வரை அதை முழுதாக மூடாதீர்கள்.

விறகும் துப்பரவும்

எவ்வளவு நல்ல புகைபோக்கி வைத்தாலும் பச்சை விறகு எரித்தால் அது கெட்டுப்போகும். வெட்டிய உடனே இருக்கிற மரத்தில் ஏறக்குறைய பாதிப் பாரம் தண்ணீர். 10 கிலோ பச்சை விறகு தூக்கி வந்தால் அதில் 4, 5 கிலோ தண்ணீரைச் சுமந்து வருகிறீர்கள். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து விரட்டிய பிறகுதான் உங்கள் சோறு வேகும். பிளந்து, மழை படாமல், காற்றுப் படுகிற மாதிரி அடுக்கி, 6 மாதமாவது காயவையுங்கள். கவ்வாத்து மலையில் பொறுக்குகிற மிலாறு மெல்லிசு, சீக்கிரம் காய்ந்துவிடும். அதைப் பற்றவைக்கவும், காய்ந்த கட்டையை நின்று எரியவும் வைத்துக்கொள்ளலாம்.

பச்சை விறகும், புகைந்து புகைந்து எரிகிற நெருப்பும் குழாய்க்குள் தாரும் அட்டக்கரியும் ஏற்றும். கால் அங்குலம் ஏறினாலே ஆபத்து, அதுவே பற்றிக்கொள்ளும். மாதம் ஒரு தரம், அடுப்பு ஆறிய பிறகு, கயிற்றின் நுனியில் சாக்கைப் பந்தாகக் கட்டி, பாரத்துக்கு ஒரு கல்லும் வைத்து, மேலிருந்து கீழே விட்டு இழுங்கள். அதற்காகக் குழாயின் அடியில் மூடியோடு ஒரு வாசல் வைத்திருக்க வேண்டும். குழாய்க்குள்ளே இரைச்சல் கேட்டுத் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், குழாய் வெடிக்கும். விறகு வாயை மூடிக் காற்றை நிறுத்தி, பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுங்கள்.

புகைபோக்கி வேலை செய்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத வழி இருக்கிறது. அடுப்பு நன்றாக எரியும்போது விறகு வாயின் மேல்விளிம்பில் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் சரி. முகத்துக்கு வந்தால் எங்கேயோ பிழை. எங்கள் வீட்டில் குழாயைத் திருத்தி வைத்த பிறகு அவளே ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்துப் பார்த்தாள். அன்றைக்கு என்னை ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று

லயத்தில் சுவரையோ கூரையையோ தொடுமுன் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லி அனுமதி எடுங்கள். தனியாகப் போய்க் கேட்காதீர்கள். ஒரு லயத்தில் எல்லாக் குடும்பமும் சேர்ந்து, தலைவரையும் தோட்டச் சேமநல உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். ஒரு வீட்டில் மட்டும் புகைபோக்கி வைத்தால், பக்கத்து வீட்டுப் புகை சுவர் மேலாக அந்த வீட்டுக்குள்ளும் வரும். எல்லோரும் வைத்தால்தான் எல்லோருக்கும் சுகம்.

காணி கிடைத்துப் புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அத்திவாரம் போடுகிற அன்றைக்கே அடுப்படி எங்கே, புகைபோக்கி எங்கே என்று மேசன் பாஸிடம் சொல்லிவிடுங்கள். கட்டும்போது வைத்தால் கொஞ்சச் செங்கல், கொஞ்சச் சீமெந்து. கட்டி முடித்த பிறகு என்றால் கூரையை உடைக்க வேண்டும், மனசும் வராது, காசும் இருக்காது.

அடுப்படி பெண்பிள்ளைகள் காரியம் என்று பின்னால் நிற்கிற ஆம்பிளைகளுக்கும் சொல்கிறேன். குழாய் செய்வதும், கூரை ஏறிக் கரி இழுப்பதும், விறகு பிளந்து அடுக்குவதும் உங்கள் வேலை. ஸ்டோரில் தூளில் புகை வாடை வந்தால் எத்தனை பேர் ஓடி வருகிறோம்! நம்ம பிள்ளை இருமும்போதும் அதே மாதிரி ஓடி வர வேண்டும்.

நேரமாகிவிட்டது. வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கும்போது ஒரு தரம் மேலே பாருங்கள். புகை எங்கே போகிறது, எங்கே முட்டுகிறது, அதற்கு நேர் வழி எது என்று பாருங்கள். அளவு எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம்.